மூணு டிகிரி கம்மி

ஈப்போ நகரின் புந்தோங்கில் குடியிருக்கும் ஆம்புரோஸுக்கு ஏர்கோன் பழுது பார்க்கிற வேலை. பகல் முழுக்க யார் வீட்டுச் சுவரிலாவது ஏணி போட்டு ஏறி, வெயில் முதுகை வறுக்க, அடுத்தவருக்குக் குளிரை உண்டாக்கிக் கொடுப்பான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்ததும், ஹால் ஏர்கோனைப் பதினெட்டில் வைத்து சோபாவில் சாய்ந்துவிடுவான். அந்தக் குளிர் தான் உழைத்துச் சம்பாதித்தது என்பது அவன் எண்ணம். அதில் வேறு யாரும் கை வைக்க விடமாட்டான்.

அவன் மனைவி கார்மெனுக்கு அந்தக் குளிர் ஆகாது. திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. வீடு திரும்பி நாடகம் பார்க்க உட்கார்ந்தால் ஸ்வெட்டர், காலுறை, மடியில் ஒரு போர்வை வேண்டும். அப்படியும் மூக்கு ஒழுகும்.

"ஏங்க, இருபத்தஞ்சுல வைங்களேன்" என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"குளிருனா போர்த்திக்கலாம். எனக்கு வேர்த்தா தோலையா உரிச்சுப் போட முடியும்?" என்பான் ஆம்புரோஸ்.

ஒரு நாள் சிம்பாங் பூலாய்க்குத் திரைச்சீலை அளவெடுக்கப் போனவள், வேலை முடிந்து திரும்பும்போது சாலையோரம் ஒரு மீன் கடையைப் பார்த்தாள். அங்கேயே நின்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உள்ளே போனாள். கடைக்காரன் ஷர்வின் தொட்டி கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, குளிர் தாங்காத மீன் எது?"

எந்த மீன் சாகாமல் இருக்கும் என்று கேட்கிறவர்களைத்தான் ஷர்வின் அதுவரை பார்த்திருக்கிறான். "எதுக்குக்கா?" என்றான்.

"வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள்."

ஷர்வின் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த பெரிய தொட்டியைக் காட்டினான். "இது டிஸ்கஸ். தட்டு மாதிரி வட்டமா, பார்க்க ராஜா மாதிரி இருக்கும். தண்ணி இருபத்தெட்டுக்குக் கீழ இறங்கிச்சுனா கறுத்துப்போயி, சாப்பாட்ட நிறுத்திரும். அப்புறம் சீக்குதான். நம்ம ஊரு சூட்டுக்குப் பிரச்சின இல்லலா. ஏர்கோன் போடுற ஹால்ல மட்டும் வச்சிராதீங்க."

"இதுதான் வேணும்" என்றாள் கார்மென்.

பிறந்தநாளன்று ஹாலில், ஏர்கோனுக்கு நேர் எதிரே, நாலடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. உள்ளே ஆறு டிஸ்கஸ். செம்மண் நிற உடம்பில் நீலக் கோடுகள் நெளிய, அவசரமே இல்லாமல் நீந்தின. ஆம்புரோஸ் அன்றைக்குக் கேக் வெட்டவே மறந்துவிட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி உட்கார்ந்திருந்தான். கார்மென் சமயம் பார்த்து, "பாவம், இதுங்களுக்குக் குளிர் ஆகாதாம். கடைக்காரத் தம்பி சொல்லுச்சு" என்றாள்.

ஆம்புரோஸ் மீன்களைப் பார்த்தான், ஏர்கோனைப் பார்த்தான். பிறகு மெல்ல ரிமோட்டை எடுத்து அணைத்தான். கார்மென் அன்றைக்கே ஸ்வெட்டரை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

சில வாரம்தான் அந்தச் சுகம். காத்தாடிக்கு அடியில் வேர்த்துக்கொண்டு மீன் பார்த்த ஆம்புரோஸ், ஒரு கையால் கைப்பேசியில் எதையோ தேடியபடியே இருந்தான். மீன் தொட்டிக்கென்றே ஹீட்டர் என்று ஒரு சாமான் இருப்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கிடைத்ததிலேயே மலிவானதை வரவழைத்தான். கண்ணாடிக் குழாய், தலையில் ஒரு திருகு, அவ்வளவுதான். தண்ணீருக்குள் அமிழ்த்தி, சூட்டைத் திருகி வைத்தான். ஏர்கோன் பழையபடி பதினெட்டுக்குப் போனது.

"மீனுக்குச் சூடு, எனக்குக் குளிர். பாத்தியா, யாருக்கும் கஷ்டமில்ல" என்றான்.

"யாருக்கும்" என்பதில் தான் சேர்த்தி இல்லை என்று புரிந்துகொண்ட கார்மென், ஸ்வெட்டரை எடுக்க முக்காலி போட்டு ஏறினாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அவள்தான் முதலில் கவனித்தாள். ஆறு மீனும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கண்ணாடியில் கை வைத்தாள். கதகதவென்று இருந்தது. ஓடிப்போய் ஹீட்டரின் ப்ளக்கைப் பிடுங்கினாள். ஆம்புரோஸ் ஐஸ் கட்டித் தட்டோடு குசினியிலிருந்து வந்தான். அதற்குள் அவள் ஷர்வினைக் கைப்பேசியில் அழைத்திருந்தாள்.

"ஐஸ் போட்டுறாதீங்கக்கா" என்றான் ஷர்வின். "ஒரேயடியா குளிர்ந்தாலும் செத்துரும். காத்து பம்ப நல்லா ஓட விடுங்க. கொஞ்சங் கொஞ்சமா தண்ணி மாத்துங்க."

இருவரும் கோயில் உடுப்பைக்கூட மாற்றாமல் வாளியும் குழாயுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஒன்றுகூடச் சாகவில்லை. கார்மென் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏர்கோனை அடக்க வாங்கி வந்த மீன்கள்தான். ஆனால் ஆறுக்கும் அவள் ரகசியமாகப் பெயர் வைத்திருந்தாள். இருப்பதிலேயே பெரிதாய், எல்லாவற்றையும் இடித்துத் தள்ளித் தின்னும் மீனுக்கு மாமியார் பெயர்.

ஆம்புரோஸ் ஹீட்டரைப் பிரித்துப் பார்த்தான். சூடு போதுமானதும் விலக வேண்டிய இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. "ஊரு வீட்டுல எல்லாம் மலிவு சாமான் வாங்காதீங்கனு சொல்லுறவன் நான்" என்று சொல்லி அதைக் குப்பையில் போட்டான்.

மறுநாள் இருவரும் ஷர்வின் கடைக்குப் போனார்கள்.

"ஒரே பெரிய ஹீட்டர் வேண்டாண்ணே" என்றான் ஷர்வின். "நடுத்தரமா ரெண்டு வைங்க. ஒண்ணு அவுட்டானா இன்னொண்ணு தாங்கும். ஒண்ணு ஒட்டிக்கிட்டாலும், அது தனியா அவ்வளவு தண்ணியையும் சுட வைக்கிறதுக்கு நேரமாகும், நாம பார்த்துரலாம். அப்புறம் இது கன்ட்ரோலர். ஹீட்டர் ப்ளக்க இதுல சொருகிட்டு, இந்த ஒயர் நுனிய தண்ணியில விடுங்க. ஹீட்டர் நிக்க மறந்தாலும் இது கரண்ட்ட வெட்டிரும்."

ஆம்புரோஸின் முதுகுக்குப் பின்னால் நின்ற கார்மென் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். விற்காதே என்று கையைக் காட்டினாள். ஷர்வினுக்கு வியாபாரம் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம்.

"ஆனா அண்ணே," என்று இழுத்தான், "ஏர்கோன் பதினெட்டுனா ஹீட்டருக்கு ஓய்வே இருக்காது. கொஞ்சம் கூட்டி வச்சீங்கனா..."

"ஹீட்டருக்கு ஓய்வு வேணுமா, எனக்கு ஓய்வு வேணுமா? எடுப்பா" என்றான் ஆம்புரோஸ். கார்மென் சட்டென்று கையை இறக்கி முந்தானையைச் சரிசெய்வதுபோலப் பாவனை செய்தாள்.

ஷர்வின் விவரம் சொல்லிக்கொண்டே பெட்டிகளைக் கட்டினான். தண்ணீர் ஓடுகிற பக்கமாக வைத்தால் சூடு பரவும். தண்ணீர் மாற்றும்போது முதலில் ப்ளக்கை எடுத்து ஆறவிட வேண்டும், சூடாக இருக்கிற கண்ணாடி வெளியே தெரிந்தால் வெடித்துவிடும். தனியாக ஒரு தெர்மாமீட்டரும் தொங்கவிட்டால் நல்லது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஆம்புரோஸ் பெட்டிகளை வேனுக்குத் தூக்கிப் போனான். கார்மென் தெர்மாமீட்டர் எடுக்கப் பின்தங்கினாள்.

"அது வேண்டாக்கா" என்று ஷர்வின் தடுத்தான். "மூணு டிகிரி கம்மியா காட்டுது. திருப்பி அனுப்ப ஒதுக்கி வச்சிருக்கேன்."

கார்மெனின் கை நின்றது. பிறகு அதையே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "அனுப்பாத. இது எனக்கு வேணும்."

புது ஹீட்டர்கள் குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தன. கன்ட்ரோலர் எந்நேரமும் இருபத்தொன்பது காட்டியது. தொட்டி மூலையில் கார்மென் தொங்கவிட்ட தெர்மாமீட்டர் மட்டும் இருபத்தாறில் நின்றது. ஆம்புரோஸ் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"எத நம்புறது? ஹீட்டர இன்னும் கூட்டி வைக்கவா?"

கார்மென் பதறிப்போனாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. "ஐயோ, அதத் தொடாதீங்க. அன்னிக்குப் பட்டது போதாதா? ஏர்கோன வேணும்னா கொஞ்சம் கூட்டுங்க. அதுனால மீனுக்கு ஒண்ணும் ஆகாது."

பேச்சில் நியாயம் இருந்தது. ஏர்கோன் இருபத்தைந்துக்கு ஏறியது. கார்மென் கால்களை நீட்டிக்கொண்டு, காலுறை இல்லாமல், முழு நாடகத்தையும் பார்த்து முடித்தாள்.

ஆனாலும் ஆம்புரோஸுக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு நாள் வேலைப் பையிலிருந்து, ஏர்கோன் காற்றை அளக்கிற தன் சொந்தத் தெர்மாமீட்டரை எடுத்துத் தண்ணீரில் விட்டான். சரியாக இருபத்தொன்பது. மறுநாள் கேமரன் சாலைப் பக்கம் வேலை இருந்தது. வழியில் ஷர்வின் கடையில் வேனை நிறுத்தினான்.

"தம்பி, நீ குடுத்த தெர்மாமீட்டர் தப்பா காட்டுது."

"நான்தான் அக்காகிட்ட சொன்னேனேண்ணே, மூணு டிகிரி கம்மினு. அக்காதான் அதுவே வேணும்னு..." ஷர்வின் பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

ஆம்புரோஸ் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "நான் வந்தத அவகிட்ட சொல்லிராத" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அன்று மாலை கார்மென் வருவதற்குள் ஹால் ஏர்கோனின் மூடியைத் திறந்தான். அறையின் சூட்டை அறிகிற சின்ன சென்சார் ஒன்று அதற்குள் இருக்கும். அதை இடம் மாற்றி, உள்ளேயே வெதுவெதுப்பான ஒரு மூலையில் செருகினான். இனி அறை எவ்வளவு குளிர்ந்தாலும் ஏர்கோனுக்கு அது போதாது. ரிமோட்டில் இருபத்தைந்துதான் தெரியும்.

கார்மெனுக்கு மறுபடி குளிரத் தொடங்கியது. ரிமோட்டைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் கோளாறு தன் உடம்பில்தான் என்று முடிவு செய்தாள். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. போதாததற்கு, இரத்தம் ஊறட்டும் என்று ஈரல் வாங்கி மிளகு போட்டு வறுத்துத் தின்றாள். ஆம்புரோஸும் எதிரே உட்கார்ந்து இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, "வயசாகுதுல்ல" என்றான்.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு புனிதா சீனி கேட்டு வந்தாள். ஹாலில் கால் வைத்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டாள். "என்னக்கா, உங்க வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு?"

புனிதா போனதும் கார்மென் தொட்டியிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்து, துடைத்து, ஹால் மேசையில் வைத்தாள். ஈரம் காய்ந்து சிவப்புக் கோடு இறங்கி நிற்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு அதைக் கொண்டுபோய்க் கணவனின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"ரிமோட்டுல இருபத்தஞ்சு. இதுல பதினஞ்சு. என்ன கணக்கு இது?"

ஆம்புரோஸ் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பதினஞ்சா இருக்காது. அதுதான் மூணு கம்மியா காட்டுதே."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பத்திரிகை மெல்லக் கீழே இறங்கியது.

"மூணு கம்மினு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றாள் கார்மென்.

"அது மூணு கம்மினு உனக்குத் தெரியுமா?" என்றான் ஆம்புரோஸ்.

முதலில் சிரித்தது கார்மென்தான். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஆம்புரோஸும் சேர்ந்துகொண்டான். சிரித்து ஓய்ந்ததும், "ஈரல் தின்னப்பவாவது சொல்லியிருக்கலாம்" என்று அவன் தோளில் ஓர் அடி போட்டாள்.

"நல்லா இருந்துச்சு. அதான் சொல்லல."

அவள் ஏணியைப் பிடிக்க, அவன் சென்சாரைப் பழைய இடத்தில் மாட்டினான். ஹால் இருபத்தைந்து என்று பேசி முடித்தார்கள். படுக்கையறைக்கு அடுத்திருந்த சின்ன அறையில் ஆம்புரோஸ் தனக்கென ஒரு பழைய ஏர்கோனை மாட்டிக்கொண்டு, அதில் பதினாறு வரை இறங்கினான். முதல் நாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியவன், சற்று நேரத்தில் வெளியே வந்துவிட்டான். குளிர் அருமையாகத்தான் இருந்தது. ஆனால் பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஹாலில் பனியனோடு, நெற்றி வேர்க்க, மீனுக்கு இரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கார்மெனுக்கு அவனை நன்றாகத் தெரியும். இரண்டு நாள் பொறுத்து, தன் தையல் கடையில் இருந்தபடியே ஷர்வினைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"தம்பி, அண்ணன் வந்து சின்னத் தொட்டி கேட்டாருனா, இல்லனு சொல்லிரு. அப்புறம் அந்தக் குளிர் ரூம விட்டு வெளியவே வரமாட்டாரு."

"இப்பதான்கா வேன்ல ஏத்திட்டுப் போறாரு. ரெண்டு டிஸ்கஸும் எடுத்துக்கிட்டாரு."

கார்மென் பெருமூச்சு விட்டாள். "அந்த ரூமுல பதினாறு வைப்பாரே. ஹீட்டர் வாங்குனாரா?"

"ரெண்டு வாங்கிட்டாருக்கா. நல்லதாத்தான் எடுத்தாரு."

"கன்ட்ரோலர்?"

ஷர்வின் கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அடடா, இங்கேயே வச்சிட்டுப் போயிட்டாரு."

"சரி, யாருக்கும் வித்துராத" என்று கார்மென் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். "நானே வந்து எடுத்துக்கிறேன், மீனுங்க பாவம்."