இடது முட்டி

அகில இந்தியக் கல்லூரிகள் கால்பந்துப் போட்டியின் அரையிறுதி அந்த ஆண்டு கோழிக்கோட்டில் நடந்தது. இடைவேளையின்போது அதே மாநிலத்துச் சித்தூர்ப் பக்கத்துக் கல்லூரி அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கோலைப் போட்டவன் கோட்டயத்துக் கல்லூரியில் படிக்கும் அழகுமலை. வண்டிப்பெரியாரில் கொழுந்து பறிக்கும் சாந்தம்மாளின் ஒரே மகன். அன்று அவனைத் தடுக்க வேண்டியிருந்தவன் சித்தூர் அணியின் சிவப்பிரகாஷ். அழகுமலை இடப்பக்கம் போவதுபோல் உடம்பைச் சாய்த்து வலப்பக்கம் போனான். சிவப்பிரகாஷ் புல்லில் உட்கார்ந்துவிட்டான். ஐயாயிரம் பேர் பார்த்துச் சிரித்தார்கள்.

இருவரும் பழகியவர்கள். போன ஆண்டு திருச்சூரில் நடந்த மாநில முகாமில் இருபத்தெட்டு நாள் ஒரே அறையில் தங்கினார்கள். இரண்டாம் வாரம் பயிற்சியில் அழகுமலைக்கு இடது முட்டி பிசகி, தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. விஷயம் வெளியே தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவன் பயந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எதிரே இருந்த ஜூஸ் கடைக்குப் போய்ப் பாலிதீன் பையில் ஐஸ் வாங்கிவந்து ஒத்தடம் கொடுத்தவன் சிவப்பிரகாஷ்தான். வீக்கம் வடிந்தது. வலி மட்டும் உள்ளே தங்கிவிட்டது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அழகுமலை கேட்டுக்கொண்டான், இவனும் ஒப்புக்கொண்டான். ரயில்வே அணியில் சேர்ந்துவிட வேண்டும் என்பது ஒன்றே அழகுமலையின் கணக்கு. அம்மாவுக்கு எஸ்டேட்டில் இன்னும் இரண்டு ஆண்டுதான் வேலை. வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

இடைவேளையில் பயிற்சியாளர் சூசையப்பன் சிவப்பிரகாஷைத் திட்டவில்லை. அவன் பக்கம் திரும்பவே இல்லை. நடுக்களத்தை எப்படி மாற்றுவது என்று மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். தன்னை வெளியே உட்காரவைக்கப் போகிறார் என்று சிவப்பிரகாஷுக்குத் தோன்றியது.

"சார், அவனுக்கு இடது முட்டி சரியில்லைங்க" என்றான்.

சூசையப்பன் பேச்சை நிறுத்தினார். எப்படித் தெரியும் என்று கேட்டார். முகாமில் ஒரே அறை என்றான். அவர் தலையை ஆட்டிவிட்டு ஜோஜோவைத் தனியே கூப்பிட்டுப் போனார். ஜோஜோ தடுப்பாட்டக்காரன், முரடன். அவர் அவனிடம் சொன்னது சிவப்பிரகாஷின் காதில் விழவில்லை. இடது காலில் திரும்பும்படி அழகுமலையை ஓரமாக ஒதுக்கச் சொல்லியிருப்பார், அவ்வளவுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பூட்ஸ் கயிற்றை இறுக்கினான்.

அறுபத்திரண்டாவது நிமிடம். பந்து அழகுமலையின் காலை விட்டுப் போய்விட்டது. ஜோஜோ அதற்குப் பிறகுதான் பாய்ந்தான். பச்சைக் கிளை முறிவதுபோல ஒரு சத்தம். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். அழகுமலை கத்தவில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது தலையை உயர்த்தி, சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். சிவப்பிரகாஷின் முகத்துக்கு வந்ததும் பார்வை நின்றது. இவன் குனிந்துகொண்டான்.

கடைசிக் கால் மணி நேரத்தில் சித்தூர்க்காரர்கள் இரண்டு கோல் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து நடந்த இறுதிப் போட்டியிலும் பெனால்டியில் வென்றார்கள். நான்காவது பெனால்டியை அடித்தவன் சிவப்பிரகாஷ். 

ஊரில் ஜீப்பில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். அப்பா அர்த்தநாரி நடவு வேலையை நிறுத்திவிட்டு வந்து, வேட்டி கசங்க, வழி நெடுகக் கூடவே நடந்தார். ஒரு வாரம் கழித்து வரப்பில் மடையைத் திறந்துகொண்டிருந்த அவரிடம் சிவப்பிரகாஷ் எல்லாவற்றையும் சொன்னான். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"ஆட்டம்னா அடிபடுந்தான் சாமி. நீயா போயி அவன் காலை ஒடச்சே?"

கேட்டுவிட்டு அவர் மறுபடி மடைக்குக் குனிந்தார்.

அழகுமலை போனை எடுக்கவில்லை. கோட்டயம் மருத்துவமனையில் அறுவை செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று, முகாமில் கூட இருந்த ரிஜோ சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே சிவப்பிரகாஷ் பஸ் ஏறினான். பொள்ளாச்சி, தேனி, குமுளி என்று மாறி மாறி ஏறி, வண்டிப்பெரியாரில் இறங்கும்போது மூன்று மணி. தூறல் விட்டிருந்தது. லயம் வரைக்கும் செங்குத்தான ஏற்றம். இதில் அவன் எப்படி ஏறி இறங்குகிறான் என்று நினைத்துக்கொண்டே ஏறினான்.

வாசலில் இருந்த சாந்தம்மாள் இவன் பெயரைக் கேட்டதும் எழுந்துவிட்டாள்.

"ஐஸ் வாங்கிக் கொடுத்த பிள்ளையா நீயி? உள்ள வாய்யா. கால் வீங்குனதை இந்தப் பய எங்கிட்டக்கூட மறைச்சிட்டான். பழைய அடி உள்ளுக்குள்ள இருந்துச்சுன்னு டாக்டரு சொல்லித்தான் தெரியும். நீயாவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, சோறு பொங்குகிறேன் என்று உள்ளே போனாள்.

அழகுமலை கட்டிலில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தான். தொடை பாதியாக வற்றியிருந்தது. ரயில்வே அணித் தேர்வு போன வாரமே முடிந்துவிட்டது. நடக்கலாம், ஆனால் ஓடவோ மேடு ஏறவோ கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னான். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மொதப் பாதியில ஜோஜோ பந்தைப் பாத்து ஆடுனான். ரெண்டாவது பாதியில என் முட்டியைத்தான் பாத்தான். அவங்களாக் கேட்டாங்களா, நீயாச் சொன்னியா?"

சூசையப்பன் வற்புறுத்திக் கேட்டார் என்று சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைச் சிவப்பிரகாஷ் தேனியிலேயே தயார் செய்து வைத்திருந்தான்.

"நானாத்தான் சொன்னேன்."

 பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கோல் போட்டதுக்காகவா?"

"நீ என்னையத் தாண்டிப் போனப்ப எல்லாரும் சிரிச்சாங்க அழகு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அழகுமலை கால்மேல் கிடந்த போர்வையை இழுத்து இடுப்புவரை மூடிக்கொண்டான். "அம்மா சோறு பொங்குறா. தின்னுட்டுப் போ. அவகிட்ட இதைச் சொல்லிராத. அப்புறம் இங்கிட்டு வராத."

சாந்தம்மாள் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். குழம்பில் இருந்த பெரிய துண்டை இவன் தட்டுக்குத் தள்ளினாள். மகனின் சிநேகிதர்களில் பார்க்க வந்தவன் நீ ஒருத்தன்தான் என்றாள். அவன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டான், மறுசோறும் வாங்கிக்கொண்டான். கட்டிலில் இருந்தவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கிளம்பும்போது அவள் ஒரு பொட்டலம் தேயிலைத்தூளை அவன் பைக்குள் வைத்தாள்.

திரும்பி வந்ததும், இடைவேளையில் நடந்ததை எழுதிப் போட்டிக் குழுவுக்கு அனுப்பினான். நடுவர் அப்போதே நடவடிக்கை எடுத்துவிட்டதால் மேற்கொண்டு செய்ய ஒன்றுமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சூசையப்பன் அவனைக் கூப்பிட்டு, அணியின் பெயரைக் கெடுக்கிறாயா என்று கேட்டார். ஜோஜோ அவனோடு பேசுவதை நிறுத்தினான். அடுத்த பருவத்துக்கான அணித் தேர்வுக்கு அவன் போகவில்லை. அப்பா காரணம் கேட்கவில்லை, வயலுக்கு வரச் சொன்னார்.

ஆடி மாதத்தில் ரிஜோ வண்டிப்பெரியார் போய்வந்து போன் செய்தான். எஸ்டேட் ஃபேக்டரியில் அழகுமலைக்குத் தேயிலைச் சாக்குத் தைக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். உட்கார்ந்தே செய்கிற வேலை.

"என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டானா?" என்றான் சிவப்பிரகாஷ்.

இல்லை என்றான் ரிஜோ.