இரண்டு மடங்குக்கு மேல்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். யார் வைத்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. அவளுக்கும் அந்தப் பெயரில் உள்ளூர ஒரு பெருமைதான்.

கடலுக்குள் நாற்பது கிலோமீட்டர் தள்ளி காற்றாலைகள் நிறுத்தப் போகிறார்கள். அதற்கு முன்னால் அங்கே காற்று எப்படி, அலை எப்படி, நீரோட்டம் எப்படி என்று இரண்டு வருடம் அளந்தாக வேண்டும். அதற்காக ஒரு மஞ்சள் மிதவையை நங்கூரமிட்டு விட்டிருந்தார்கள். அது பாட்டுக்கு எண்களை அனுப்பிக்கொண்டிருக்கும். அவற்றில் கடல் சொன்னது எது, கருவி உளறியது எது என்று பிரித்துவைப்பது சல்லடையின் வேலை. அவள் கையெழுத்துப் போட்ட எண்களை வைத்துத்தான் ஒவ்வொரு கோபுரத்திலும் ஆள் நிற்கும் மேடையை எத்தனை உயரத்தில் வைப்பது என்று இன்ஜினியர் முடிவு செய்வார்.

ஆரம்பத்தில் ஒரு முறை மூக்குடைபட்டாள். கடல் கண்ணாடி மாதிரி கிடந்த மாதத்தில் மிதவை பன்னிரண்டு மீட்டர் அலை என்று அனுப்பியிருந்தது. மீன்பிடிப் படகுக்காரர்கள் அதில் கயிற்றைக் கட்டிவிட்டு இளைப்பாறியிருக்கிறார்கள். படகு முட்டியதைக் கருவி அலை என்று எழுதிவிட்டது. அவள் அதைக் கவனிக்காமல் கூட்டத்தில் காட்டிவிட்டாள். முதலீட்டாளர் தரப்பிலிருந்து வந்தவர், "அன்னைக்கு அங்க யாராவது சுனாமியை ஆர்டர் பண்ணினீங்களா?" என்று கேட்க, அறையே சிரித்தது. மேனேஜர்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார்.

அன்று மாலையே ஒரு விதி எழுதினாள். எந்த அரை மணி நேரத்திலும் ஓர் அலை, அப்போது வந்த பெரிய அலைகளின் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் அது பிழை. கணினி அதைத் தானாகவே தூக்கி எறிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவளுடைய வரைபடங்கள் வழவழவென்று வந்தன. யாரும் சிரிக்கவில்லை. எறிந்ததை அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி அக்கா புருஷன். மிதவைக்குப் பேட்டரி மாற்ற ஆட்களை ஏற்றிப் போகும் பதினான்கு மீட்டர் படகு அவருடையது. நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் அவருக்குப் பத்து மீட்டர் என்று பெயர். மாலையில் வரும் என்று சொன்ன புயல் மத்தியானமே வந்துவிட்ட ஒரு நாளில், பத்து மீட்டர் அலையில் ஏறி இறங்கியதாகச் சொல்லாத விருந்து கிடையாது. அவர் வாயெடுக்கும்போதே அக்கா, "வந்துட்டாருப்பா பத்து மீட்டர்!" என்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சாதாரணமாகவே ஒன்றை மூன்றாகச் சொல்கிற ஆள். அவர் பிடித்த மீனெல்லாம் வருடா வருடம் வளர்ந்துகொண்டே போகும்.

அறிக்கை முடிந்து, மேடை உயரத்தை இறுதி செய்யும் வியாழக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் சல்லடை உற்சாகமாக இருந்தாள். பத்து மீட்டர் வழக்கம் போல ஆரம்பித்ததும் கை காட்டி நிறுத்தினாள்.

"மாமா, அந்தத் தேதிய நான் பார்த்துட்டேன். அன்னைக்கு வந்த பெரிய அலையே ஏழு புள்ளி ரெண்டுதான். ரெண்டே முக்கால் மீட்டர் நீங்க போட்ட மசாலா."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு, "மீட்டர் கணக்கெல்லாம் நீ சொன்னா சரிதாம்மா. ஆனா ஏறிக்கிட்டே இருந்துச்சு. நான் மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினேன். ஏழு எண்ணுற வரைக்கும் ஏறிக்கிட்டே இருந்துச்சு" என்றார்.

சாப்பாடு முடிந்து பேச்சு வேறெங்கோ போனது. ஆனால் அந்த ஏழு அவளை விடவில்லை. பீலா விடுகிறவர்கள் உயரத்தைக் கூட்டுவார்கள், எடையைக் கூட்டுவார்கள். விநாடியைக் கூட்டி அவள் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை கணினி எறிந்துவைத்திருந்த குப்பையைத் திறந்தாள். இரண்டு வருடத்தில் பதினேழு எண்கள். ஒவ்வொன்றுக்கும் மிதவை எப்படி அசைந்தது என்ற பதிவு இருந்தது. படகு முட்டினால் மிதவை அரை விநாடியில் ஒரே வெட்டாக வெட்டும். ஆறு அப்படித்தான் இருந்தன. மற்ற பதினொன்றும் புயல் நாட்களில் வந்தவை. நிதானமாக ஏறி, நிதானமாக இறங்கியிருந்தன. அவர் சொன்ன தேதியில், மத்தியானம் இரண்டு இருபதுக்கு, மிதவை ஏழு விநாடி ஏறியிருந்தது. ஒன்பது புள்ளி எட்டு மீட்டர்.

 கடல் அதிசயமாக வாயைத் திறந்த பதினொரு தடவையும் அவள் அதன் வாயைப் பொத்தியிருக்கிறாள், அதுவும் ஒரு கூட்டத்தில் நாலு பேர் சிரித்ததற்காக. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். மேடை இன்னும் ஒன்றரை மீட்டர் மேலே போக வேண்டும்.

அது மட்டுமென்றால் பரவாயில்லை. பாதுகாப்புப் பிரிவின் விதிப் புத்தகத்தை அவள் அறிவாள். அப்படிப்பட்ட ஒற்றை அலைகள் உள்ள பகுதி என்று தெரிந்தால் இருபது மீட்டருக்குக் குறைந்த படகை அங்கே அனுப்பக் கூடாது. மாமாவுடைய படகு பதினான்கு. அந்தப் படகை நம்பித்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரிந்தது.

மேனேஜரிடம் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"கடைசி நேரத்துல குண்டைத் தூக்கிப் போடறியே. வியாழக்கிழமை முடியட்டும். அப்புறமா பின்னிணைப்புல ஒரு வரி சேர்த்துக்கலாம்."

"பின்னிணைப்ப யார் சார் படிப்பாங்க?"

"அதனாலதாம்மா அங்க போடச் சொல்றேன்."

இடத்துக்குத் திரும்பினாள். அன்றும் மறுநாளும் அக்காவுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்து எடுத்து வைத்தாள். செய்தால் என்ன நடக்கும்? அக்கா அழுவாள். மாமா, உன் இஷ்டம் என்பார். பிறகு அனுப்ப மனசு வராது. மேடையில் நிற்கப் போகிறவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது; மாமாவை நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்காகத் தெரிந்தவர் வயிற்றில் அடிப்பது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் புதன்கிழமை மூன்று மணிக்குத் திருத்திய எண்களை இன்ஜினியருக்கு நேரடியாக அனுப்பினாள். பிழை என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள்.

இன்ஜினியர் ஒரே வரியில் நன்றி சொன்னார். மேடை உயர்ந்தது. மேனேஜர் அவளிடமிருந்து கையெழுத்துப் போடும் வேலையைப் பிடுங்கி, கயிறும் சங்கிலியும் அடுக்கிக் கிடந்த கிடங்கின் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தார். அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். சின்னப் படகுகளின் ஒப்பந்தத்தை நிறுத்தும் கடிதம் படகுக்காரர்களுக்கு வர இரண்டு வாரம் ஆனது. அந்த நாட்களைத்தான் அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடிதம் வந்த அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனாள். பத்து மீட்டர் மூக்குக்கண்ணாடியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். கடிதம் எதிரில் கிடந்தது. அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"நான்தான் மாமா" என்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. விதியை, குப்பையை, பதினொரு அலையைச் சொன்னாள். "உங்க அலை ஒன்பது புள்ளி எட்டு. ஏழு செகண்ட் ஏறியிருக்கு. நீங்க சொன்னது நிஜம்."

திட்டுவார் என்று பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பார்த்தியா?" என்று அக்கா பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு கணம் வெற்றிகூடத் தெரிந்தது. அது நிற்கவில்லை.

"நிஜமாவா?" என்று அக்கா கேட்டாள். தங்கையைப் பார்த்துத்தான் கேட்டாள். "நிஜம்னு தெரிஞ்சிருந்தா நான் இவரை அனுப்பியிருப்பேனா? காலையில எழுப்பி, டீ போட்டுக் குடுத்து, கிண்டல் பண்ணி அனுப்பியிருக்கேன். ரெண்டு வருஷமா!"

"படகு போகுதேன்னு நீ திட்டுவேன்னு நினைச்சேன்க்கா."

"படகு கிடக்கட்டும்டி!" என்று அக்கா கத்தினாள். பிறகு நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவ்வளவு பயந்துட்டு வந்தவர், ஏன் எங்ககூட சேர்ந்து சிரிச்சீங்க? ஒரு தடவையாவது கோபமா சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கடிதத்தை நாலாக மடித்து, மறுபடியும் பிரித்து, மேசையில் கையால் தேய்த்து நீவினார்.

"நீங்க சிரிக்கறது நல்லா இருந்துச்சு" என்றார். "நீங்க சிரிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கே சந்தேகம் வந்துடும், நாமதான் கூட்டிச் சொல்றோமோன்னு. அந்தச் சந்தேகத்தை வெச்சுக்கிட்டுத்தான் மறுநாள் படகை எடுப்பேன். அதுக்காகத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்." சல்லடையைப் பார்த்தார். "இப்ப புள்ளி வெச்சு சொல்லிட்டியேம்மா."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்; எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

கடிதப்படி ஒப்பந்தம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதுவரை படகை ஓட்டலாம், தடையில்லை. மறுநாள் காலை நாலு மணிக்கு அலாரம் அடித்தது. அக்கா அதை நிறுத்தினாள். அவர் விழித்துத்தான் கிடந்தார், எழுந்திருக்கவில்லை.