அவர் முகர்ந்து பார்த்த காற்று

பெற்ற பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட இப்படிக் குடைந்திருக்க மாட்டார்கள். என்னை ஸ்கூபா டைவிங்குக்கு எந்தக் கடலுக்கு அனுப்புவது, அங்கே எந்தக் கடைக்காரரை நம்பி இறக்குவது என்று என் வீட்டுக்காரர் மழைக்காலம் முழுக்கத் தேடினார். சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. வரைபடம், மூக்குக் கண்ணாடி, சார்ஜர், பேனா எல்லாம் அங்கேதான். ஒரு தீவில் ஆள் பெரிசு சுறாக்கள் வருமாம், ஆனால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடுமாம். வேண்டாம். இன்னொரு தீவில் பவளப்பாறை கண்ணைப் பறிக்குமாம், ஏதாவது ஒன்று என்றால் ஆஸ்பத்திரிக்குப் படகில் அரை நாள் போக வேண்டுமாம். அதுவும் வேண்டாம்.

நான் கேட்டேனா? நான் இனிமேல் கடல் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன்.

அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எரிந்துபோன மோட்டாரை மூடியைத் திறக்காமலே மூக்கால் கண்டுபிடித்துவிடுவார். எப்போதோ ஒரு டைவிங் கடையில் சிலிண்டருக்குக் காற்றடிக்கும் மெஷினைச் சரிசெய்து கொடுத்தார். கடைக்காரர் சந்தோஷத்தில் எங்கள் இருவரையும் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அன்று பிடித்த பைத்தியம். அதன்பின் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இறங்கிவிடுவோம், கையைக் கோத்துக்கொண்டு. எங்களுக்குள் சண்டையே வராத ஒரே இடம் அதுதான். தண்ணீருக்குள் நான் வாயைத் திறக்க முடியாதே.

இறங்குவதற்கு முன் அவர் தவறாமல் ஒன்று செய்வார். சிலிண்டரின் திருகைக் கொஞ்சமாகத் திறந்து, காற்றை வெள்ளைக் கைக்குட்டையில் படவிடுவார். எண்ணெய் கலந்திருந்தால் துணியில் கறை விழும். அப்புறம் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்வார். புகை கலந்திருந்தால் துணிக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். அந்தப் புகையோடு ஆழத்துக்குப் போனால் மயக்கம் வரும், அப்புறம் உயிர் மிஞ்சாது என்பார். அவர் தலையாட்டாமல் நான் ஒரு நாளும் இறங்கியதில்லை.

போன வருஷம் வந்த காய்ச்சல் அவர் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்தான். நாள் முழுக்க ஊராரிடம் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன், மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க என்று. அவரால் பிடிக்க முடியவில்லை. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே படத்தைப் பார்த்தவள் நான். பாழாய்ப்போன அந்தப் படம் இன்னும் கண்ணை மூடினால் தெரிகிறது.

பிழைத்து எழுந்துவிட்டார். ஆனால் ஆயுசுக்கும் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாசனையும் ருசியும்கூடப் போயிருந்தன. இரண்டும் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டன என்று அவர் சொன்னபோது, அந்த மட்டில் தப்பித்தோம் என்று நினைத்தேன். நீங்கள் இல்லாமல் எனக்கும் கடல் வேண்டாம் என்றேன். அன்றைக்குத்தான் மனிதர் குரல் உடைந்து பேசினார்.

"நீயாவது போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லும்மா. உன்னைப் பத்திரமா இறக்கி விடறது ஒண்ணுதான் எனக்கு மிச்சம். அதையும் எங்கிட்டேருந்து புடுங்கிடாத."

தேடட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் போனில் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் கடையையே விலைக்கு வாங்கப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள். ஒரு கைடுக்கு எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, ஏறியதும் தலையெண்ணிப் பார்ப்பீர்களா, மெஷினில் ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள். எல்லாவற்றுக்கும் இனிக்க இனிக்கப் பதில் சொன்ன ஒருவரை, இவன் ஆபத்தானவன் என்று தள்ளிவிட்டார். இந்த வயதில் தண்ணீருக்குள் என்ன புதையலா இருக்கிறது என்று என் நாத்தனார் கேட்டபோது, பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார்.

இதற்கு நடுவில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே தீய்ந்த நாற்றம். பால் பொங்கி வழிந்து, பாத்திரம் அடிப்பிடித்துக் கரியாகிக்கொண்டிருந்தது. இவர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையெட்டும் தூரத்தில், ஏதோ தீவின் அலை உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடே பற்றி எரிந்தாலும் உங்களுக்குப் போன்தான் முக்கியம் என்று கத்தித் தீர்த்தேன். கவனிக்கவில்லை என்று மட்டும் சொல்லி, பாத்திரத்தை அவரே உட்கார்ந்து தேய்த்தார்.

கடைசியில், அலையில்லாத ஒரு குடாவைத் தேர்ந்தெடுத்தார். மூழ்கி எழுந்து உடம்புக்கு ஏதாவது ஆனால் வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. அங்கே போய் இறங்கியதும் முதலில் பார்த்த கடை பளபளவென்று இருந்தது. எனக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்பே கையெழுத்துக் கேட்டார்கள். இவர் எழுந்து நடந்துவிட்டார். அடுத்த கடையில் உடைகளை அலசி வரிசையாக நிழலில் தொங்கவிட்டிருந்தார்கள். கைடு ஒரு பெண். கடைசியாக எப்போது இறங்கினேன் என்று விசாரித்து, இடுப்பளவுத் தண்ணீரில் எல்லாவற்றையும் செய்துகாட்டச் சொன்னாள். இவர் என்னைப் பார்த்து, இதுதான் என்றார்.

மறுநாள் காலையில் மின்சாரம் இல்லை. கடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓட, சிலிண்டர்களில் காற்றடித்து ஏற்றினார்கள். கடலுக்குள் கொஞ்ச தூரம் போய்ப் படகை நிறுத்தியதும் கைடு காற்றைச் சோதிக்க வந்தாள். நான் பார்க்கிறேனே என்றார் இவர். பெரியவர் ஆசைப்படுகிறார் என்று அவள் ஒதுங்கி நங்கூரத்தைக் கவனிக்கப் போனாள். நான் படகின் மறுகோடியில் ரப்பர் உடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் திருகைத் திறந்தார். கைக்குட்டையைப் பிடித்தார். கண்ணை மூடி முகர்ந்தார்.

"சுத்தமான காத்தும்மா. தைரியமா இறங்கு."

காய்ச்சலுக்கு அப்புறம் அந்த முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததேயில்லை.

படகின் விளிம்பில் உட்கார்ந்து குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தேன். பஸ்ஸுக்குப் பின்னால் நின்றால் வருமே, அந்தப் புகை நாற்றம் குமட்டிக்கொண்டு வந்தது. என் பிரமையோ என்று இன்னொரு தடவை இழுத்தேன். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அப்படி நாறியது. நிமிர்ந்தேன். அவர் கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கருகிய பால் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சமையலில் நான் குழம்புச் சட்டியின் மூடியைத் திறப்பதைப் பார்த்த பிறகுதான் தினமும், வாசனை ஆளைத் தூக்குது என்பார். பாவி மனுஷன், இத்தனை நாளாக ஏமாற்றியிருக்கிறாரே என்று கோபம் தலைக்கேறியது. கத்தியிருப்பேன். கத்துவது எனக்குப் புதிதா? ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கத்துவது.

கைடு அருகில் வந்ததும் குழாயை அவள் மூக்கருகே நீட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறக்கப் போனவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"என்னங்க, சளி புடிச்ச மாதிரி இருக்கு. மூக்கு சுத்தமா அடைச்சிருக்கு. இன்னிக்கு வேண்டாமே."

சளியோடு இறங்கினால் காது போய்விடும், நாளைக்குப் பார்க்கலாம் என்று கைடும் சொன்னாள். அவருக்கு ஏமாற்றம்தான். இருந்தாலும் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். காற்று நன்றாகத்தான் இருக்கிறது, நாளைக்கும் தானே பார்த்துத் தருவதாகச் சொன்னார். படகு திரும்பியது. எங்கள் காலடியில் டீசல் கேன் ஒன்று கசிந்து, நாற்றம் மூக்கைத் துளைத்தது. அவர் தன்னால் முடிந்த மட்டும் மூச்சை இழுத்தார்.

"கடல் வாசனை எப்படி இருக்கு பாரு. இதுக்குன்னே வரலாம்."

"ஆமாங்க. அவ்ளோ நல்லா இருக்கு" என்றேன்.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மூக்கு அடைச்சிருக்குன்னியே."

தலை தானாகக் குனிந்துகொண்டது. அவர் காலடியில் இருந்த கேனைப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார்.

"காத்து நாறுச்சா?"

பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். தண்ணீருக்குள் பிடிப்பதுபோல அந்தக் கையை இறுகக் கோத்துக்கொண்டேன். கரை கண்ணில் பட்டது.

"இனிமே நீயே பாத்துக்கம்மா" என்றார்.