சேர்வுப் பூட்டு

சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிகிற நேரத்தில் மோகனப்ரியாவின் போன் அடித்தது. அவள் புதுக்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பேசியது பிளஸ் ஒன் மாணவி சிவரஞ்சனியின் அப்பா பழனிச்சாமி.

“டீச்சர், பாப்பாவ இன்னும் விடலையா? சோறு வேணாம்னு காலையிலயே கிளம்பி வந்துருச்சு.”

சிவரஞ்சனி அன்றைக்கு வகுப்புக்கே வரவில்லை. “நீங்க பஸ் ஸ்டாண்டுக்கு வாங்கண்ணே, நான் தேடுறேன்” என்று மட்டும் மோகனப்ரியா சொன்னாள்.

சிவரஞ்சனிக்குப் பக்கத்தில் உட்காரும் இலக்கியா தயங்கித் தயங்கி வந்தாள். “நேத்து பேப்பர் குடுத்ததுலேர்ந்து அழுதுக்கிட்டே இருந்தா மிஸ். அந்தப் பூட்டுக் கணக்கு...”

காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் எடுத்தவளே மோகனப்ரியாதான். மூன்று எண்களால் திறக்கிற பூட்டு, ஒரே எண் மறுபடி வராது, எத்தனை விதமாக அமைக்கலாம்? ஆங்கிலத்தில் ‘காம்பினேஷன் லாக்’. தமிழில் யோசிக்காமல் ‘சேர்வுப் பூட்டு’ என்று எழுதிவிட்டாள். பாடத்தில் சேர்வு என்றால் வரிசை பார்க்காமல் பொறுக்குவது. வரிசை பார்த்தால் அது வரிசைமாற்றம். பூட்டுக்கு வரிசை தப்பினால் திறக்காது. வினாவில் இருந்த சொல்லை நம்பிச் சேர்வுச் சூத்திரம் போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் அவளே சுழி போட்டிருந்தாள். கணக்கில் எப்போதும் முழு மதிப்பெண் வாங்குகிற சிவரஞ்சனிக்கும்தான்.

ஸ்கூட்டியைக் கிளப்பினாள். பல்லவன் குளத்தைத் தாண்டும்போது கண் தானாகப் படிக்கட்டுப் பக்கம் போயிற்று. நீலச் சுரிதார் ஒன்று. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். யாரோ ஒரு பெண், மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் பழனிச்சாமி துண்டைக் கையில் முறுக்கியபடி நின்றார். மகளுக்குக் கணக்கில் மதிப்பெண் போனதைக் கேட்டதும், “ஒரு மார்க்குக்காகவா டீச்சர் இப்புடி?” என்றார். தப்பு என்னுடையது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இருவரும் கடைத்தெருவில் விசாரித்துக்கொண்டே நடந்தார்கள். கீழராஜ வீதியில் ஒரு சூட்கேஸ் கடை வாசலில் பழனிச்சாமி சட்டென்று நின்றார்.

“எங்க வீட்டு சைக்கிளு!”

உள்ளே எண் பூட்டு வைத்த டிராலி பெட்டி ஒன்றின் முன் சிவரஞ்சனி குந்தியிருந்தாள். “வாங்கவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குதுங்க” என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். பழனிச்சாமி அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கி மகளின் தலையில் அப்படியே கிடந்தது.

“மிஸ்” என்று சிவரஞ்சனி எழுந்தாள். கண் வீங்கியிருந்தது. “நாலு ஒண்ணு ரெண்டுன்னு வச்சா தெறக்குது. மாத்தி வச்சா தெறக்கல. நான் போட்டது தப்புதான். ஆனா அப்புறம் ஏன் மிஸ் இதுக்குச் சேர்வுன்னு பேரு? பாடத்தையே தப்பா புரிஞ்சிருக்கேனோன்னு பயமா இருக்கு.”

“நீ சரியாத்தான் புரிஞ்சிருக்க. தப்பு எம்மேல.”

எம்.ஃபில். படிக்கையில் இந்தச் சொற்கள் வந்த கதையைத் தேடித் தேடிப் படித்தவள் மோகனப்ரியா. அதனாலேயே வெட்கம் கூடியது.

“காம்பினேஷன்ங்கிறது லத்தீன்ல ரெண்டு ரெண்டா சேக்குறதுலேர்ந்து வந்தது. முந்நூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி லைப்னிட்ஸ்ங்கிற ஜெர்மன் கணக்கு மேதை இதப் பத்தி எழுதுறப்ப, மூணு மூணா சேக்குறதுக்கு அந்தச் சொல்லு நடுவுலயே மூணுங்கிற எண்ணைச் செருகி எழுதுனாரு. பின்னாடிதான் எத்தனைய சேத்தாலும் அதே பேருன்னு ஆச்சு. வரிசை வேற, சேர்வு வேறன்னு கணக்குக்காரங்க வேலி போட்டாங்க. பூட்டு செய்றவங்க அதப் பாக்கல. சில பேரு வரிசைமாற்றப் பூட்டுன்னும் சொல்லிப் பாத்தாங்க, ஊர் வாயில அது நிக்கல.”

“நம்பர் பூட்டுன்னே எழுதியிருக்கலாமே மிஸ்?”

“எழுதியிருக்கணும்.”

பழனிச்சாமி அவளைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை. அங்கேயே தெருவில் நின்று தலைமையாசிரியர் ஆனந்தராஜுக்குப் போன் போட்டாள். அவளுடையது தற்காலிக வேலைதான்.

“எல்லாத் தாளையும் மறுபடி திருத்தணுமா? திங்கக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங் இருக்கு டீச்சர்!”

“தப்பு என்னோடதுன்னு மீட்டிங்ல நானே சொல்றேன் சார்.”

அவர் போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அவள் எழுந்து சொன்னபோது ஒரு தகப்பனார், இப்படிப்பட்டவங்களை ஏன் வச்சிருக்கீங்க என்று கத்தினார். சரியாகப் போட்டிருந்த பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். சேர்வுச் சூத்திரம் போட்டவர்களுக்கும் மதிப்பெண் கிடைத்தது, மோகனப்ரியாவுக்கு மெமோ. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பீரியடுக்கு ஓடினாள். வருசக் கடைசியில் வேலையை நீட்டிப்பார்களா என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அட்டெண்டன்ஸ் எடுக்கையில் சிவரஞ்சனி பெயருக்கு “பிரசன்ட் மிஸ்” என்று குரல் வந்ததும்தான் மூச்சு சீரானது.