எதிரணியில் என் வீட்டுக்காரர்

பட்டிமன்ற மேடையில் என் வீட்டுக்காரர் முகுந்தன் என்னைப் பற்றிச் சொன்னது எதுவும் எங்கள் வீட்டில் நடந்ததில்லை. நான் சுட்ட தோசையைத்தான் வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பதாகச் சொல்வார். என் குறட்டை தாங்காமல் பக்கத்து வீட்டு நாய் வீடு மாறிப் போனது என்பார். எல்லாம் புளுகு என்று கூட்டத்துக்கும் தெரியும், இருந்தும் சிரிக்கும். மனைவியைக் கேலி செய்யாத பேச்சாளரை மறுபடியும் யார் கூப்பிடுவார்கள்? என் முறை வரும்போது நானும் அவரை வாங்கு வாங்கென்று வாங்குவேன். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர் அணியில் நின்று அடித்துக்கொள்வதைப் பார்க்க ஜனங்களுக்கு ஆசை. அதனால் கிள்ளானில் இருக்கும் எங்களுக்குக் கோலாலம்பூர் வரைக்கும் கொஞ்சம் கிராக்கி உண்டு.

இந்த முறை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை. தலைப்பு, மருத்துவக் காப்பீட்டில் அரசாங்கம் தலையிட வேண்டுமா, வேண்டாமா. பிரிமியம் ஏறிய ஏற்றத்தில் நாடாளுமன்றத்திலிருந்து நாசி லெமாக் சோற்றுக் கடை வரைக்கும் இதே பேச்சாகக் கிடந்தது. நடுவர் பக்கிரிசாமி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அணி பிரித்துக் கொடுத்தார். எனக்கு ‘வேண்டும்’, அவருக்கு ‘வேண்டாம்’. கொடுத்த பக்கத்தைப் பேச வேண்டியதுதான். சொந்த அபிப்பிராயத்தையெல்லாம் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டும்.

எனக்கு அன்றைக்கு இருந்த ஒரே கவலை இவருடைய நெஞ்சு. போன மாதம்தான் கிள்ளானில் ஒரு தனியார் டாக்டர், மூன்று ரத்தக் குழாயில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். இந்த மனிதர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். மெடிக்கல் கார்டுதான் இருக்கிறதே, காப்பீட்டுக் கம்பெனிதானே பணம் கட்டப்போகிறது, போய்ப் படுத்தால் என்ன கேடு என்று நான் கத்தாத நாளில்லை. “பட்டிமன்றம் முடியட்டும்லா, புஷ்பா,” என்பார். கத்திக்குப் பயப்படுகிறார் என்றே நினைத்தேன்.

அந்த மெடிக்கல் கார்டுகளை எங்கள் தலையில் கட்டியவள் அவருடைய அக்கா மகள் உஷாராணி. நம் வீடுகளில் யார்தான் யோசித்துக் காப்பீடு எடுத்தோம்? சொந்தத்தில் ஒருத்தி ஏஜெண்ட் ஆகிவிடுவாள், முகத்தை முறிக்க முடியாது, கையெழுத்துப் போட்டுவிடுவோம். எங்களுக்கு ஆளுக்கொரு கார்டு. பணம் கட்டுவது அவர் பொறுப்பு. நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மேடையில் நான் முதலில் பேசினேன். நன்றாக இருக்கும்போதெல்லாம் கட்ட வைத்துவிட்டு, வயதாகி நோய் வரும் நேரத்தில் விலையைக் கூரைக்கு ஏற்றினால் மனுஷன் எங்கே போவான், அரசாங்கம் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்கப் போகிறது என்று ஒரு பிடி பிடித்தேன். நல்ல கைதட்டல்.

பிறகு அவர் எழுந்தார்.

“நடுவர் அவர்களே, கவர்மெண்ட் உள்ள வந்தா என்ன ஆகும்? முதல்ல ஒரு கமிட்டி போடுவாங்க. அந்தக் கமிட்டி என்ன செய்யுதுன்னு பாக்க இன்னொரு கமிட்டி. விலையை ஏத்தாதேன்னு சொன்னா கம்பெனிக்காரன் கடையைச் சாத்திட்டுப் போயிடுவான். எங்க வீட்டைப் பாருங்க. போன வருஷம் பிரிமியம் ஏறுச்சு. நான் மந்திரிகிட்ட போய் அழுதேனா? ரெண்டு கார்டு இருந்துச்சு, ஒண்ணைக் கட் பண்ணிட்டேன். எந்த கவர்மெண்டாவது இவ்வளவு ஸ்பீடா முடிவெடுக்குமா?”

மண்டபம் சிரித்தது.

“யாரோட கார்டுன்னு கேளுங்க. அவங்க கார்டை நிறுத்தினா அவங்க திட்டுவாங்க. என் கார்டை நிறுத்தினா திட்ட ஆள் இல்ல. அதனால என்னோடதை நிறுத்திட்டேன். அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தயவுசெஞ்சு யாரும் சொல்லிடாதீங்க.”

கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் நானும் சிரித்தேன். மூன்றாம் வரிசையில் உஷாராணி மட்டும் சிரிக்கவில்லை. மாமா வாயைத் திறந்தாலே சிரிக்கிறவள், தலையைக் குனிந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். இது ஜோக் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பதில் சொல்ல நடுவர் என்னைக் கூப்பிட்டார்.

“நடுவர் அவர்களே, இவருக்கு நெஞ்சுல மூணு அடைப்பு இருக்கு,” என்றேன்.

சிரித்தார்கள்.

“சிரிக்காதீங்க. ஆபரேஷன் பண்ணணும். இவரு கார்டை நிறுத்தினது எனக்கு இப்பத்தான் தெரியும்.”

இன்னும் சிரித்தார்கள். பக்கிரிசாமி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அந்த அடைப்புல ஒண்ணு நீங்கதானேம்மா?” என்று கேட்டார். முன்வரிசையில் ஒருவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். இவர்களிடம் உண்மையைச் சொல்லி நம்ப வைக்க என்னால் ஆகாது என்று தெரிந்துபோயிற்று. எதிரணி மேசைக்குப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். “இன்னும் தொகுப்புரை இருக்குலா,” என்று முனகிக்கொண்டே வந்தார். நாங்கள் வாசலைத் தாண்டும் வரை கைதட்டல் ஓயவில்லை. எங்கள் ஜோடிக்கு அப்படி ஒரு கைதட்டல் அதற்கு முன் கிடைத்ததில்லை.

டாக்சி ஏறி, அரசாங்க மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன்.

“எப்ப நிறுத்தினீங்க?”

“நெஞ்சு வலி வர்றதுக்கு முன்னாடிதான். அப்ப நல்லாத்தானே இருந்தேன்.”

“மறுபடி எடுக்க வேண்டியதுதானே?”

“அடைப்புன்னு தெரிஞ்சப்புறம் எவன் எடுப்பான்? உஷா கேட்டுப் பாத்துட்டா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“மேடையில சொன்னேனே,” என்றார். “ஜோக்கா சொன்னா நீ கொஞ்சமாத் திட்டுவேன்னு பாத்தேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நிறுத்துறதுதான் நிறுத்துனீங்க, என்னோடதை நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே? எனக்கு என்ன சீக்கு? கல்லைத் தின்னாலும் செரிக்குது.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “உங்கம்மா கேன்சர்ல போனாங்க. உங்கக்காவும் அதுலதான் போனாங்க. உனக்கும் வந்து, நான் காசில்லாம நின்னா? என்னால அதைப் பாக்க முடியாது புஷ்பா.”

திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பாவி மனுஷன், என் மேல் இவ்வளவு பிரியத்தை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க என் தோசையைக் கேலி பண்ணியிருக்கிறார்.

மருத்துவமனையில் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காத்திருந்தபோது பக்கிரிசாமியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. ‘வேண்டாம்’ அணிக்கே வெற்றி, எங்கள் நடிப்பு அபாரம், அடுத்து செந்தூலில் நடக்கும் நிகழ்ச்சியிலும் இதையே செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். படித்துக் காட்டியபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படி மலரவில்லை.

“கவர்மெண்ட் வீல்சேர்ல உக்காந்துக்கிட்டு கவர்மெண்ட் வேண்டாம்னு ஜெயிச்ச ஒரே ஆள் நீங்கதான்,” என்றேன்.

“அது பேச்சு. இது சீக்கு,” என்றார்.

டாக்டர் சின்ன வயது மலாய்க்காரப் பெண். பொறுமையாகச் சோதித்தாள், கைப்பேசியில் நான் காட்டிய தனியார் ரிப்போர்ட்டையும் படித்தாள். இன்றைக்கே வார்டில் சேர்த்துக்கொள்கிறோம் என்றாள். ஆனால் பைபாஸுக்கு வரிசை நீளம், மோசமானவர்களை முதலில் எடுப்போம், இவர் முறை வர மாதங்கள் ஆகலாம் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, மரியாதையாக என்னைப் ‘புவான்’ என்று கூப்பிட்டு, மெடிக்கல் கார்டு ஏதாவது இருக்கிறதா, இருந்தால் தனியாரில் இந்த வாரமே செய்துவிடலாம், காத்திருப்பது நல்லதில்லை என்றாள்.

என் கை தானாகப் பைக்குள் போயிற்று. கார்டை எடுத்து நீட்டினேன். அவள் பெயரைப் படித்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“இது புவானோட கார்டு,” என்று மலாயில் சொன்னாள். “புவானுக்கு என்ன செய்யுது?”

“எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்,” என்றேன். “நான் நல்லா இருக்கேன்.”

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.