எதிர்த்தரப்பு

சீட்டைப் பிரித்ததும் வகுப்பே சிரித்தது. மாதிரி நீதிமன்றத்தில் அக்காவுக்கு விழுந்தது கம்பெனியின் பக்கம்! சட்டக் கல்லூரியில் எல்லோருக்கும் அவள் அக்காதான். பாடம் நடத்தும் மேடமே அவளைவிட இளையவர். அக்காவுடைய புருஷனின் வலது கை பிரஸ் மெஷினில் போனதும், நஷ்டஈடு வழக்கில் வாய்தா மேல் வாய்தா வாங்கிய வக்கீல் கடைசியில் கம்பி நீட்டியதும் பிள்ளைகளுக்குத் தெரியும். நானே படித்து நானே வாதாடுகிறேன் என்று நாற்பது வயதுக்கு மேல் வரிந்துகட்டிக்கொண்டு வந்தவள்.

“மேடம், எனக்கு வேற சைடு குடுங்க.”

“சும்மா நின்னு பாருங்க. எதிராளி என்ன பேசுவான்னு தெரியணும்ல?”

வழக்கு இதுதான். மெஷினின் தடுப்பைத் தானே கழற்றிவிட்டு வேலை செய்து கையை இழந்த தொழிலாளி, சூப்பர்வைசர்தான் கழற்றச் சொன்னார் என்கிறான். அவள் புருஷன் சொல்வதும் அதேதான். மேடம் வேண்டுமென்று எழுதியிருக்க மாட்டார். கைகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன.

ஏனோதானோவென்று பேசிவிட்டு உட்காரலாம் என்றுதான் எழுந்தாள். ஆனால் வருஷக்கணக்காகப் பாத்திரம் தேய்த்தபடி மனசுக்குள் கம்பெனியோடு சண்டை போட்டவள் அவள். அவர்கள் பேசக்கூடியதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

“மெஷின் சத்தத்துல பக்கத்து ஆள் பேசுறதே கேக்காதுன்னு உங்க மனுவே சொல்லுது. அப்போ சூப்பர்வைசர் சொன்னது மட்டும் உங்க கட்சிக்காரருக்கு எப்படிக் கேட்டுச்சு? கேட்ட சாட்சி யாரு?”

எதிரே தொழிலாளிக்காக வாதாடிய பெண் மனுவைப் புரட்டினாள். அக்கா புருஷனின் நிஜ மனுவிலும் அதே வரி இருந்தது.

தீர்ப்பு கம்பெனிக்கு. “கம்பெனி வக்கீல்! கம்பெனி வக்கீல்!” என்று பிள்ளைகள் மேஜையைத் தட்டினார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட மோசம், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

எல்லோரும் போன பிறகு மேடத்திடம் கேட்டாள். “நான் கேட்டதுக்குப் பதில் என்ன மேடம்?”

“சாட்சி இருந்தா பொழச்சாங்க. இல்லேன்னா கஷ்டம்தான்.”

அவள் புருஷனுக்குச் சாட்சியாகப் பக்கத்து மெஷின்காரர் ஒருவர் இருந்தார். போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வீட்டில் புருஷன் போர்வையின் ஒரு முனையைத் தாடையில் இடுக்கி, இடது கையால் மடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் போர்வை நழுவியது.

“என்ன, ஜெயிச்சியா?”

“ஜெயிச்சேன்.”

“நான் சொல்லல? நம்ம கேசையும் நீ ஊதித் தள்ளிடுவ பாரு!” இத்தனை நாளில் அவர் முகம் இப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. “என்ன சொல்லி மடக்குன? எனக்கும் வாதாடிக் காட்டு. நான்தான் ஜட்ஜ்.”

போர்வையை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்.

“ம், ஆரம்பிங்க வக்கீலம்மா.”

அவள் தோளிலிருந்த பையை இறக்காமல் நின்றாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தொங்கிய சட்டைக் கையை எடுத்து மடியில் ஒழுங்காக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.