நான்காம் பகுதியை எடுத்துவிடச் சொன்னார்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பழுதுபார்க்க வந்தவருடையது. உதிரிபாகம் வந்துசேர மூன்று மணி நேரமாகும் என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் ஐந்தாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்க ஏறி வந்த நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் எழுதுகிறவன் என்று காவலாளி போட்டுக்கொடுத்திருக்கிறார்.

"நான் சொல்றதை எழுதுவீங்களா சார்?" என்றார்.

எழுத ஒன்றும் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த சமயம். தலையாட்டிவிட்டேன். இப்போது அனுபவிக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "தொழில்நுட்பம் மனிதர்களை நெருக்கமாக்குவதாகச் சொல்லிக்கொண்டே" – சீ, பள்ளிக்கூடக் கட்டுரை.

இரண்டாம் தொடக்கம்: "அக்கா காய்ச்சலில் படுத்திருந்த அறையின் ஜன்னல் வழியே" – அந்த அறையை நான் பார்த்ததில்லை. அவரும் அப்போது அங்கே இல்லை. ஜன்னலாவது கதவாவது.

ஆகவே உள்ளதை உள்ளபடி. மெக்கானிக்குக்குக் கூடப்பிறந்தது ஒரே ஓர் அக்கா. அவர் இந்த நாட்டில், அக்கா அந்த நாட்டில். விடுதிகளுக்குத் திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக்கொடுப்பவள். தனிக்கட்டை. தினமும் வேலை முடிந்ததும் தம்பியோடு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவாள். அவளிடம் இருந்ததோ மாதத்துக்கு இரண்டு ஜிபி இணையம்.

போன முறை அவர் லீவில் ஊருக்குப் போனபோது, மாதத்தின் ஐந்தாம் தேதியே டேட்டா காலி. யார் தின்றது என்று பார்த்தால் கைப்பேசியே. செயலிகள் ஒவ்வொன்றும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, மொத்தத்தையும் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தன.

மெக்கானிக் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றின் வாயையும் கட்டினார். தானாகப் புதுப்பித்தல், நிறுத்தம். பின்னணியில் டேட்டா, நிறுத்தம். கடைசியாக அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இனிமே ஸ்கிரீன்ல என்ன வந்து கேட்டாலும் 'வேண்டாம்'னு அமுக்கு. சந்தேகமா இருந்தா, நான் கூப்பிடும்போது என்னைக் கேளு."

"எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்."

3

(இங்கே ஒரு சண்டை வரவேண்டும் என்று கதை எதிர்பார்க்கும். வந்தது, ஆனால் சண்டை என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னது.)

"இந்த வருஷம் லீவு இல்லக்கா."

"போன வருஷமும் இதைத்தானே சொன்னே. சரி, வை."

மறுநாள் அவர் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும். கோபமாக்கும் என்று நினைத்தார். 'இருக்கட்டும், எத்தனை நாளைக்கு?' என்று இவரும் விட்டுவிட்டார்.

(வாசகர் கேட்பார்: சாதாரண அழைப்பு போட்டிருக்கக்கூடாதா? அக்காவால் முடியாது, அவள் எண்ணில் வெளிநாட்டு அழைப்பு கிடையாது. இவரால் முடியும். இதை அவரிடம் கேட்டேன். "முடியும் சார். போடல. ரோஷம்," என்றார். பிறகு வெகுநேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.)

பதினோராம் நாள் அக்கா இறந்தாள். நிமோனியா. பக்கத்து வீட்டு டீச்சர் எப்படியோ கம்பெனி எண்ணைத் தேடிப் பிடித்துத் தகவல் சொன்னார்.

4

அவர் போய்ச் சேர்ந்து, அடக்கமும் முடிந்த பிறகு, டீச்சர் அவரிடம் அக்காவின் கைப்பேசியைக் கொடுத்தார். தினமும் பேசும் செயலியை இவர் திறந்தார். பழையதாகிவிட்டதாம், புதுப்பித்தால்தான் வேலை செய்யுமாம். கீழே இரண்டு பொத்தான்கள். 'புதுப்பி.' 'வேண்டாம்.' அளவு: அறுபது எம்பி. அவர் அடித்த மணி அவர் காதில் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

டீச்சர் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன் தம்பி, இதை அமுக்கினா சரியாயிடும், நான் அமுக்கித் தரேன்னு. பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க. 'தம்பி வேண்டாம்னு சொல்லியிருக்கான். அவன் கூப்பிடுவான், கேட்டுட்டு அமுக்குறேன்'னாங்க. கடைசி நாள்வரைக்கும் போனைத் தலைமாட்டுலயே வெச்சிருந்தாங்க."

5

மாற்று முடிவுகள் எழுதிப்பார்த்தேன்.

அ) அக்கா 'புதுப்பி'யை அழுத்துகிறாள். தம்பி முகம் தெரிகிறது. "ஏண்டா, காய்ச்சல்ல கிடக்கேன், எங்கடா போனே?" என்கிறாள். நான்கு வரி ஓடியது. ஐந்தாவதில் நின்றுவிட்டது. அழுத்துகிறவள் வேறு யாரோ. தம்பி சொன்னதை மீறுகிற அக்கா எனக்குப் பிடிபடவேயில்லை.

ஆ) அவளுக்குக் கைப்பேசி பற்றி ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டால் – இதைப் படித்த மெக்கானிக்குக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்காவை முட்டாளாக்காதீங்க சார். தையல் மெஷின் மோட்டாரைப் பிரிச்சு மாட்டுறவ. தெரியாம இல்ல. நான் சொன்னேன், அதனாலதான்."

இ) எழுதவில்லை.

6

நேற்று மாதாந்திரச் சோதனைக்கு வந்தவரிடம் முழுப்பிரதியையும் கொடுத்தேன். லிஃப்டின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தார். மேல்மாடிக்காரர்கள் படியேறிப் போனார்கள், போகிற போக்கில் என்னை முறைத்தார்கள்.

"நல்லா இருக்கு. நாலாவதை மட்டும் எடுத்துடுங்க."

"அதுதானேங்க கதை?"

"டீச்சர் சொன்னதை எடுத்துடுங்க. மூணோட நிறுத்துங்க. அக்கா கோவத்துல எடுக்கல, கோவத்தோடயே போயிட்டான்னு இருக்கட்டும்."

"அது பொய்யாச்சே."

"கோவமா இருந்தான்னா தாங்கிக்குவேன் சார். நான் கூப்பிடுவேன்னு படுத்துக் கிடந்தான்னா என்னால முடியல."

எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து நான்காம் பகுதியை அடித்தேன். அடித்ததும், அந்தப் பதினொரு நாளும் தம்பியை நம்பிக் கிடந்தவள் காணாமல் போனாள். இருந்தது கோபக்காரி ஒருத்தி. அவளை எனக்குத் தெரியாது. திரும்பவும் எழுதிவைத்தேன். மறுபடி அடித்தேன். தம்பிக்குக் கொடுத்த வாக்கா, செத்தவளுக்குச் செய்யவேண்டிய நியாயமா என்று எனக்குத் தீரவில்லை.

ஆகவே நான்காம் பகுதி இப்போதைக்கு இருக்கிறது. பென்சிலை எடுத்து அடிக்கவேண்டுமென்றால் நீங்கள் அடியுங்கள். விட்டுவைத்தால், அவரை எங்காவது லிஃப்டில் பார்க்க நேரும்போது படித்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். மாடி எண்ணை மட்டும் சொல்லுங்கள்.